வீடியோ காட்டியும் ‘பூமியின் நிழல்’ என்றுதான் எழுதுகிறார்கள்

கேள்வி: ஆகஸ்ட் 16, 2025

தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு நிலவின் பிறைகள் பற்றி, புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டில் ஆறு நிமிட வீடியோ போட்டேன். நல்ல அனிமேஷன், தமிழ் விளக்கம். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். புரிந்ததா என்று கேட்டால் ஒரே குரலில் “புரிஞ்சுது சார்”. வியாழக்கிழமை சின்னத் தேர்வு வைத்தேன். பிறை ஏன் உண்டாகிறது என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் ‘பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவதால்’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் போர்டு வெறும் வேடிக்கைதானா டீச்சர்? சாக்பீஸே போதுமா?

ஆகஸ்ட் 16, இரவு 9.40

போர்டின் மேல் தப்பு இல்லை தம்பி. சாக்பீஸால் வரைந்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். எனக்கு வந்தது. காரைக்குடிப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக இதே பாடத்தை எடுக்கிறேன். முதல் எட்டு வருஷம் கரும்பலகை நடுவில் பூமி, சுற்றிலும் எட்டு நிலா, ஓரத்தில் சூரியக் கதிர் என்று வரைந்தேன். எட்டு வருஷமும் விடைத்தாளில் பூமியின் நிழல்தான்.

பிள்ளைகள் காலிக் குடமாக வகுப்புக்கு வருவதில்லை. நிலா தேய்வதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஏதோ மறைக்கிறது, மறைக்கக்கூடிய பெரிய பொருள் பூமிதான். நல்ல யோசனைதானே அது? அந்த யோசனையை யாரும் வெளியே எடுக்கச் சொல்லாமலே வீடியோ ஓடி முடிந்துவிடுகிறது. பார்த்ததையும் பழைய யோசனைக்குள்ளேயே செருகிக்கொள்கிறார்கள்.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியரின் குழு 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆசிரியர் வகுப்பில் செய்துகாட்டும் சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்களின் புரிதல், அதைப் பார்க்காதவர்களின் புரிதலைவிட அப்படி ஒன்றும் மேலாக இல்லை. ‘என்ன நடக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னால் நின்றார்கள். அதைப் படித்த பிறகுதான் என் எட்டு வருஷம் எங்கே போனது என்று புரிந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். வகுப்பறை ஜன்னல்களில் பழைய போர்வையைக் கட்டி இருட்டாக்குவேன். ஹோல்டரில் ஒற்றை பல்பு, அது சூரியன். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், பென்சில் நுனியில் குத்தியது, அது நிலா. பூமி எங்கே என்று கேட்பார்கள். உன் தலைதான் பூமி, உன் கண் இருக்கும் இடம்தான் காரைக்குடி. பல்பைப் பார்த்து நின்று, கையை நீட்டிப் பழத்தைப் பிடித்து, இடப்பக்கமாக மெதுவாகத் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன்னால் நோட்டில் வரைந்தாக வேண்டும்: கால் சுற்று திரும்பினால் பழத்தில் எவ்வளவு வெளிச்சம் தெரியும்? வரையாதவர் கையில் பழம் கிடையாது.

வலது ஓரத்தில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் வருவதைப் பார்த்து ஒரு பெண், “டீச்சர், பிறை டீச்சர்!” என்று கத்தினாள் பாருங்கள், அந்தச் சத்தம் எந்த வீடியோவுக்கும் என் வகுப்பில் வந்ததில்லை.

ஆகஸ்ட் 17, காலை 6.15

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். இதைப் படிக்காமல் நாளைக்கே செய்துவிடாதீர்கள்.

பல்புக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பழம் முழுதும் ஒளிர வேண்டும், அதுதான் பௌர்ணமி. பழத்தைத் தலை மட்டத்தில் பிடித்தால் தலையின் நிழல் அதன் மேல் விழுந்துவிடும். “பாத்தீங்களா, பூமி நிழல்தான்!” என்று மொத்த வகுப்பும் சொல்லும். ஒரு வருஷம் எனக்கு அப்படித்தான் ஆனது. அதற்கப்புறம் அவர்களை அந்த எண்ணத்திலிருந்து வெளியே கொண்டுவர ஒரு வாரம் ஆயிற்று. தலைக்கு மேலே ஒரு சாண் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதற்கு அதுவே உதாரணமாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் வீடியோவை மறுபடி ஒருமுறை சத்தத்தோடு கேட்டுப் பாருங்கள். நிலவின் வெளிச்சம் படாத பாதியை ‘நிழல் பகுதி’ என்று சொல்கிறார்களா? நான் பார்த்த இரண்டு வீடியோக்களில் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளை காதில் நிழல் என்று விழுந்தால், யாருடைய நிழல் என்று தானே தேடிக்கொள்ளும். ‘இருட்டுப் பக்கம்’ என்று சொல்லுங்கள். நான் வீடியோ போட்டாலே இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு நானே பேசுகிறேன்.

ஆகஸ்ட் 17, இரவு

கேட்டுப் பார்த்தேன், நாலு இடத்தில் நிழல் என்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பாதி வியாதி தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 19

இந்த இழையில் இன்னொருவர், ‘படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90 நினைவில் நிற்கும், எட்கர் டேல் ஆய்வு’ என்று போட்டிருக்கிறார். பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் இந்த ஸ்லைடு வருகிறது. நானும் பல வருஷம் அதைச் சார்ட்டில் எழுதி வகுப்பில் மாட்டியிருந்தேன்.

டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் வரைந்தது ஒரு கூம்பு. அடியில் நேரடி அனுபவம், மேலே போகப் போகப் படம், கடைசியில் சொல். அதில் ஒரு எண்கூட இல்லை. சதவீதங்களைப் பின்னால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்தாலே தெரியும்: எதைப் படித்தால், யார் படித்தால், எத்தனை நாள் கழித்துக் கேட்டால் 10 சதவீதம்? அத்தனை பேருக்கும் அத்தனை பாடத்துக்கும் இப்படி வட்டமான எண் எப்படி வரும்? தெரிந்த அன்றைக்கே சார்ட்டைக் கழற்றிவிட்டேன். கூம்பை வைத்துக்கொள்ளலாம், எண்களை விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 22

பெரிய படத்தை முழுதாகக் கொண்டுபோய் மாட்டுவதா, கண் முன்னால் வரைவதா என்று கேட்டிருந்தீர்கள். வரைவதுதான். கோடு கோடாக வளரும் படத்தைப் பிள்ளையின் கண் தொடர்ந்து வரும். முடிந்த படத்தில் கண்ணுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸ் வேண்டாம், பின் பெஞ்சுக்குத் தெரிவதில்லை. மஞ்சளும் வெள்ளையும் போதும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத பையன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருக்கலாம், அவன் அதை வெளியே சொல்லவும் மாட்டான். போர்டில் எதைப் போட்டாலும் ஒருமுறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேற்கு ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அங்கே ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 25

அமாவாசை சனிக்கிழமை முடிந்தது. இன்றைக்குச் சாயங்காலம் மேற்கே பிறை தெரிந்தது. அடுத்த பௌர்ணமி செப்டம்பர் 7, ஞாயிறு. அன்று இரவு முழுச் சந்திர கிரகணம். இப்படி ஒரு வளர்பிறை கையில் கிடைப்பது அபூர்வம். என் வகுப்பில் தினமும் இரவு ஏழு மணிக்கு நிலா வரையச் சொல்லியிருக்கிறேன். கட்டம் போட்ட ஒரு தாள், கட்டத்துக்கு ஒரு நாள், தினசரி காலண்டரில் இருக்கும் திதியும் பக்கத்தில் எழுத வேண்டும். நீங்களும் தொடங்குங்கள்.

ஆகஸ்ட் 26, இரவு

இன்றைய நாளைப் பற்றி நீளமாக எழுதப்போகிறேன்.

காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சி வேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் பொருளுக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. கொடிமரத்துப் பக்கம் சிமெண்டுத் தரையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தார்கள். எத்தனை மணிக்கு நிழல் போகும் என்று முன்பே எழுதி வாங்கிவிட்டேன். எல்லாரும் 12.00 என்று எழுதினார்கள்.

12.00-க்குக் குட்டையாக ஒரு நிழல் இருந்தது. “டீச்சர், உங்க கடிகாரம் தப்பு” என்றான் ஒருவன். 12.05. 12.10. நடுவில் ஒரு மேகம் வந்து நின்றதும் முப்பது பிள்ளைகளும் வானத்தைப் பார்த்துப் போ போ என்று கையை வீசினார்கள். 12.16 சுமாருக்கு நிழல் பாட்டிலின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. ஒரு பிள்ளை குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் நிழல் செருப்பைச் சுற்றிக் கறுப்பு வட்டமாகக் கிடந்தது.

ஏன் பன்னிரண்டு இல்லை? அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உள்ளே போய் ஸ்மார்ட் போர்டைப் போட்டேன். பூமி உருண்டையைச் சுழற்றி 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் காட்டினேன். இந்திய நேரம் அந்தக் கோட்டுக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே நாலு பாகை கிட்டத்தட்டத் தள்ளி இருக்கிறோம், பாகைக்கு நாலு நிமிடம். கணக்கை அவர்களே போட்டார்கள். போர்டில் அந்தப் படம் இருந்தது மூன்று நிமிடம்தான். இன்று அது அத்தனை பேர் தலைக்குள்ளும் போயிற்று.

‘நிழலில்லா நாள்’ என்று தேடினால் பத்து விநாடியில் முடியும் வீடியோ கிடைக்கும். அதைக் காட்டியிருந்தால் கடிகாரம் தப்பு என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி, லீவு. பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வரும் வழியில் என் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வந்து, “டீச்சர், சதுர்த்தின்னா நாலாம் பிறையா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் அம்மாவுக்கு அவன் அதை விளக்கிக்கொண்டே போனான்.

ஆகஸ்ட் 30

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேவகோட்டையிலிருந்து எழுதும்போது, பக்கத்தில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் உருவங்களின் சமச்சீர்த்தன்மை பாடத்துக்காக ஒரு தரைக்கல் பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூவேலைத் தகட்டு அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அப்புறம் அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவை போட்டு மட்டம் தட்டி முடிக்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். கல்லின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கீழே இருக்கிறது. காய்ந்து கண்ணாடியிலிருந்து கல் பிரியும்வரை செய்தவருக்கே முகம் தெரியாது.

பிரிக்கும் முன் நிறுத்தி, மேலே என்ன வரும் வரையுங்கள் என்றேன். ஒருவன் கேட்டான், “டீச்சர், என் பேரை ஊத்துனா தலைகீழா வருமா?” தலைகீழ் இல்லை, இடவலம் மாறும் என்று அந்தத் தொழிலாளியே பதில் சொன்னார். எழுத்து வேண்டுமானால் அச்சையே மாற்றி வெட்டுவோம் என்றார். கண்ணாடி பளபளப்போடு கல்லைத் திருப்பியபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தக் கல்லின் புகைப்படத்தை நான் முன்பே போர்டில் காட்டியிருந்தேன், அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1

நாளைக்கே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நேற்று அஷ்டமி, அதனால் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே தென்கிழக்கில் பாதிக்கு மேல் வளர்ந்த நிலா தெரிகிறது. இன்று நாலு மணிக்கு, மணி அடித்ததும் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தினேன். ஒரு எலுமிச்சையை நிலாவுக்குப் பக்கத்தில் தெரிவதுபோல் கை நீட்டிப் பிடிக்க வேண்டும், பழத்தின் மேல் வெயில் பட வேண்டும். அவ்வளவுதான்.

பழத்தில் எந்த அளவுக்கு, எந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கிறதோ அதே வடிவம் வானத்தில் நிலாவுக்கும் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே சூரியன்.

நாலைந்து நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் முன்வரிசைப் பெண் சொன்னாள்: “டீச்சர், எலுமிச்சைல பூமி நிழல் எங்க விழுது?”

எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் தெரியுமா. விழவே இல்லையே! மேற்கே சூரியன், தென்கிழக்கே நிலா, நாம் நடுவில் இல்லவே இல்லை. போன வாரம் வரைந்த தாளை எடுக்கச் சொன்னேன். பிறை நின்றது சூரியன் மறைந்த பக்கத்திலேயே. பூமியின் நிழல் விழுவதோ அதற்கு எதிர்ப்பக்கம். பிள்ளைகளே சொன்னார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 1, இரவு

தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கவனித்தேன். பிள்ளைகள் வரைந்த பிறை தோணிபோலச் சாய்ந்து படுத்திருக்கிறது. பாடப்படங்களில் பிறை நட்டுக்குத்தலாக நிற்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் நமக்குச் சாய்ந்துதான் தெரியும். ஒருத்தி தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: ‘சாமி தலையில் இருப்பதுபோல் இருந்தது’.

செப்டம்பர் 3

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. எலுமிச்சை போதும், போர்டு வேண்டாம் என்பதுபோல என் பேச்சு போய்விட்டது. அப்படி இல்லை. சில விஷயங்கள் போர்டு இல்லாமல் நடக்காது.

நேற்று ஸ்டெல்லேரியம் போட்டேன். எந்த ஊர், எந்த நாள் வானத்தையும் திரையில் காட்டும் இலவச மென்பொருள், ஒருமுறை கணினியில் இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஊர் காரைக்குடி, தேதி ஆகஸ்ட் 25, மாலை 6.45. நாள் நாளாகத் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் நிலா கிழக்கே நகர்ந்து நகர்ந்து பெரிதாகிறது. பிள்ளைகள் தங்கள் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். மேகத்தில் தவறவிட்ட இரண்டு நாளைப் பென்சிலால் நிரப்பினார்கள். ஒரு பையன், “28-ஆம் தேதி நான் வரைஞ்சதுதான் சரி டீச்சர், திரையில கொஞ்சம் வேற மாதிரி இருக்கு” என்று வாதாடினான். கணினியோடு சண்டை போடும் அளவுக்குத் தன் கண்ணை நம்புகிறான், எனக்கு அதைவிட என்ன வேண்டும்? இதே மென்பொருளை முதல் நாளே காட்டியிருந்தால் வாதாட அவனிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

இன்னொரு உபயோகம்: என் கைப்பேசியை இரண்டு அட்டைப்பெட்டிக்கு நடுவில் படுக்கவைத்து, கீழே ஒரு பிள்ளையின் தாளை வைத்து, போர்டில் பெரிதாகக் காட்டுகிறேன். சொந்தக் கையெழுத்து ஆறடிக்குத் தெரிவதைப் பார்த்து அடுத்த நாள் அத்தனை பேரும் கவனமாக வரைந்து வந்தார்கள்.

செப்டம்பர் 5

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இதைப் படத்தில் காட்டவே முடியாது. பக்கத்தின் அகலம் போதாது. வெளியே போங்கள்.

உரித்த தேங்காய், குறுக்களவு 12 செ.மீ. அது பூமி. அந்த அளவுக்கு நிலா 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், சின்ன எலுமிச்சை. எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லாரும் ஒரு முழத்துக்குள் வைப்பார்கள், பாடப்படம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. உண்மையான தூரம் பூமியின் குறுக்களவைப்போல் 30 மடங்கு. கயிற்றைப் பிடித்து அளந்தால் 3.6 மீட்டர், பன்னிரண்டு அடி. அவ்வளவு தூரத்தில் 5 பாகைச் சாய்வு என்றால் எலுமிச்சை ஓர் அடிக்கு மேலே போகும், அல்லது ஓர் அடிக்குக் கீழே. அங்கே தேங்காயின் நிழல் ஒன்பது செ.மீ.கூடத் தேறாது. மேலேயோ கீழேயோ தாண்டிப் போய்விடுகிறது.

ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நிலவின் பாதை பூமியின் தளத்தைக் குறுக்கே வெட்டும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது பௌர்ணமி வந்தால்தான் கிரகணம். நம் வானியலில் அந்த இரண்டு இடங்களுக்குப் பெயர் ராகு, கேது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. ஆச்சி சொன்னது பொய் இல்லை என்று ஒருத்திக்கு அத்தனை சந்தோஷம்.

செப்டம்பர் 8, காலை

தூக்கமே இல்லை. பரவாயில்லை.

கோயில் நடை சாயங்காலமே சாத்திவிட்டார்கள். பிள்ளைகளை வெளியே விட மாட்டேன் என்று பல வீடுகளில் சொன்னார்களாம். வெளியே வரவே வேண்டாம், வளவில், வீட்டின் உள்முற்றத்தில் நின்றால் போதும் என்று சொல்லியிருந்தேன். நள்ளிரவை ஒட்டி நிலா கிட்டத்தட்ட உச்சியில், முற்றத்துக்கு நேர் மேலேதான் நிற்கும். எங்கள் வீட்டில் என் மாமியார் முதலில் உள்ளேயே இருந்தார். பத்து மணிக்கு மேல் ஓரம் கருக்கத் தொடங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மேகம் விட்டு விட்டுத்தான் வழிவிட்டது. பதினொன்றுக்கு முழுதும் மூடி, புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடம்போல ஆயிற்று. பூமியின் காற்றுமண்டலம் சூரிய வெளிச்சத்தை வளைத்து அனுப்புகிறது, நீலம் வழியிலேயே சிதறிச் சிவப்பு மட்டும் போய்ச் சேர்கிறது என்று சொன்னேன். “அப்ப அங்க விழுறது நம்ம ஊரு சாயங்காலமா?” என்றார். எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லை.

செப்டம்பர் 8, இரவு

இன்று வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி. அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன். பெரும்பாலும் சரி. ஆனால் செப்டம்பர் 1-ஆம் தேதி சரியாகச் சொன்ன மூன்று பேர் இன்று திரும்பவும் ‘பூமியின் நிழல்’ என்று எழுதியிருக்கிறார்கள். நேற்றுக் கண்ணாலேயே நிழலைப் பார்த்துவிட்டார்களே. கிரகணத்துக்கு முன்னால் இதை யோசித்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கு இரண்டு தாளைக் கைப்பேசி வழியே பக்கத்துப் பக்கத்தில் போர்டில் போடப்போகிறேன். ஒன்று ஆகஸ்ட் 31, அரை நிலா. இன்னொன்று நேற்று இரவு பத்தரைக்கு ஒரு பையன் வரைந்தது. எதுவும் சொல்லாமல் விடுவதாக இருக்கிறேன். இன்று மணி அடித்த பிறகு அந்தப் பையன் மட்டும் என் மேசைக்கு வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். “இதுல வெட்டு நேரா இருக்கு டீச்சர். அதுல வளைஞ்சிருக்கு. உருண்டையோட நிழல் எப்படி நேரா விழும்?”

நாளைக்கு வகுப்பில் எல்லாரும் பதில் எழுதி முடிக்கும்வரை அதைச் சொல்லாதே என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.